தண்ணீர்க் கோடு

மூடி இன்றைக்குத் திறந்துகொண்டது. நேற்று எவ்வளவோ முறுக்கியும் அசையவில்லை. அழுத்திக்கொண்டே திருக வேண்டுமாம், குழந்தைகள் கைக்குப் போய்விடக் கூடாதென்று அப்படிச் செய்திருக்கிறார்கள், நான் அழுத்தினேன், பிறகு திருகினேன், இரண்டையும் சேர்த்துச் செய்ய என் கைக்கு வரவில்லை, போ என்று அலமாரியில் வைத்துவிட்டேன். இன்று அண்ணன் சாப்பிட்டுப் படுத்த பிறகு அவர் அறைச் சன்னல் திட்டிலிருந்து செடியை ஜாடியோடு எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு, கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்தேன், டக்கென்று விட்டுக்கொடுத்தது. உள்ளே பழுப்பாக ஏதோ, மீன் கழுவிய வாடை. தண்ணீரில் வளர்கிற செடிக்கான உரம், ஜாடிக்குச் சில சொட்டு போதும் என்றார் நர்சரிக்காரர். மணி பிளாண்டுக்கு எதுக்கு சார் உரம், அது சும்மாவே வளரும், கொல்லணும்னு நெனச்சாலும் சாகாது என்று சொன்னவரும் அவர்தான், சொல்லிவிட்டு உரத்தை விற்றார், கூடவே ஒரு மண்தொட்டியையும் நார் கலந்த மண் ஒரு பையையும் தலையில் கட்டினார், என்றைக்காவது மண்ணுக்கு மாத்துவீங்க சார், எல்லாரும் மாத்துவாங்க. சொட்டு விடப் போன கை நின்றது. கண் தன்பாட்டுக்கு லேபிளைத் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து. சாம்பல் சத்தென்றால் பொட்டாசியம். இந்த வீட்டு வாசலைத் தாண்டி வருகிற எந்தப் பொட்டலத்தையும் நான் இந்த வார்த்தையைத் தேடித்தான் படிக்கிறேன், பிஸ்கட், சாம்பார் பொடி, இருமல் மருந்து, எதுவானாலும். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட மனிதனுக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும் என்று மருத்துவர் முதல் நாளே சொன்னார், வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடவே கூடாது, தண்ணீரும் அளவுதான், மீறினால் அது போக வழியில்லாமல் நெஞ்சுக்குள் போய் நிற்கும். சொன்னபோது அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரி, இது செடிக்கு. செடிக்கு இதயமில்லை, டயாலிசிஸ் இல்லை. சிரிப்பு வந்தது. ஆனால் கை மட்டும் இறங்கவில்லை.

இந்த வீட்டில் தண்ணீருக்குச் சத்தம் கிடையாது. சமையலறைக் குழாயின் வாயில் ஒரு துணித்துண்டு கட்டியிருக்கிறேன், தண்ணீர் அதன் வழியாக வழிந்து இறங்கும், விழாது. குடிதண்ணீர்க் கேன் பால்கனியில் திரைக்குப் பின்னால். நான் தண்ணீர் குடிப்பது குளியலறையில், கதவைச் சாத்திக்கொண்டு, பள்ளிக்கூடத்து நாளில் மாதா கோயில் மதிலுக்குப் பின்னால் சிகரெட் குடித்த மாதிரி. அண்ணனுக்குக் காலையில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஒரு பாட்டிலில் அளந்து வைத்துவிடுவேன், அரை லிட்டர், மாத்திரை, காபி, சோற்றின் ஈரம் போக நாள் முழுக்க அவ்வளவுதான். மாலையாகிவிட்டால் அவர் அதைக் குடிப்பதில்லை, கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மீதியைப் பார்ப்பார். பார்ப்பதும் ஒரு மிடறுதான் போலிருக்கிறது. வாய் காய்ந்தால் ஒரு கிராம்பை அடக்கிக்கொள்வார், தாகத்தை அது ஏமாற்றுமாம். அண்ணன் சவரிராயன் மின்துறை லைன்மேன், நெல்லித்தோப்பில் கம்பம் ஏறாத தெருவில்லை, உச்சியில் உட்கார்ந்தபடியே கீழே போகிறவர்களிடம் வம்பு பேசுகிற ஆள், இறங்கியதும் யார் வீட்டு வாசலிலாவது ஒரு சொம்பு வாங்கி அண்ணாந்து, உதடு படாமல், ஒரே மூச்சில், தொண்டை மணி ஏறி இறங்குவது தெரியத் தெரியக் குடிப்பார், ஒரு சொட்டு சிந்தாது. நான் பிரான்சின் லீல் நகரத்திலிருந்து முதல்முறை விடுமுறைக்கு வந்தபோது டம்ளரில் வாய் வைத்துக் குடித்துவிட்டேன், அப்போது உயிரோடிருந்த அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாரேன், தொர வாய வச்சு உறிஞ்சுறாரு. எச்சி டம்ளர தனியா கழுவு." அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்ததால் எங்களுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை, பிரெஞ்சுப் பள்ளியில் ஒருவனைச் சேர்க்கலாம் என்று வந்தபோது, எனக்கு அந்த மொழி வாய்க்குள்ள போகாது, சின்னவன சேத்துடுங்க என்று ஒதுங்கியவர் அவர். ஒதுங்கியதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. நான் சேர்ந்து படித்தேன், பிரான்சுக்குப் போனேன், அங்கே ஓர் அஞ்சல் நிலையத்தில் பிறர் கடிதங்களைப் பிரித்தடுக்கியே வயதானேன், மணம் செய்து முறித்துக்கொண்டேன், அண்ணி போய்விட்டார் என்று ஒரு போன் வந்தது, அடுத்த வருஷம் அண்ணனுக்குச் சிறுநீரகம் போய்விட்டது என்று இன்னொரு போன். இரண்டாவதற்கு வந்தேன். வந்தவன் பெட்டியில் அண்ணனுக்கென்று எடுத்துவந்தது ஒரு பெரிய வெள்ளரி ஊறுகாய் ஜாடி. உப்பு. அவர் தொடக் கூடாதது. வெள்ளரியைக் கொட்டிவிட்டுக் கழுவி வைத்த ஜாடிதான் இது, அகல வாய், கெட்டிக் கண்ணாடி.

செடி அவர் கொண்டுவந்தது, அதாவது திருடியது. டயாலிசிஸ் நிலையத்து வரவேற்பு மேசையில் ஒரு கொடி தொங்கும், ஊசி குத்திய கைக்குக் கட்டுப்போட்டுக்கொண்டு வெளியே வந்தவர் அந்தப் பக்கமாகத் துண்டை விரித்தார், மடித்தார், அவ்வளவுதான் தெரிந்தது. தேன்மொழி சிஸ்டர் பின்னாலேயே வந்து, "சவரி சார், துண்டுக்குள்ள என்ன நீட்டிக்கிட்டிருக்கு?" என்றார். "கோவணம்மா." "பச்சைக் கலர்லயா?" "நெல்லித்தோப்பு பேஷன்." ஆட்டோவில் ஏறியதும் துண்டைப் பிரித்துக் காட்டினார், இரண்டு இலையும் ஒரு கணுவும். "திருடி வச்சாத்தான்டா வேந்திரா இது வளரும். காசு குடுத்து வாங்குனா வெறும் கொடி." கணு தண்ணீருக்குள் மூழ்க வேண்டும், இலை மூழ்கக் கூடாது, வெயில் நேராகப் படக் கூடாது, வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும், நான் எல்லாம் படித்துத் தெரிந்துகொண்டேன், அவர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். கணுவில் முதலில் ஒரு பழுப்பு மொட்டு, பிறகு வெள்ளை நூலாக ஒரு வேர் வந்த அன்றைக்குக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "வுட்டுச்சு பாரு." கூடத்திலிருந்த ஜாடியை அவர் அறைச் சன்னலுக்கு மாற்றச் சொன்னார். கை எட்டும் தூரத்தில் வை, அப்பதான் வேரப் பாக்கலாம். வைத்தேன். நான்தான் வைத்தேன். அதற்குப் பிறகுதான் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. வாரத்துக்கு ஒருமுறை மாற்றியது போக, நடுவிலும் நிரப்ப வேண்டியிருந்தது. புது இலை விடுகிறது, குடிக்கிறது என்று நினைத்தேன், எனக்குச் சந்தோஷம்கூட, இந்த வீட்டில் ஓர் உயிராவது வேண்டியமட்டும் குடிக்கிறதே. போன வெள்ளிக்கிழமை சிஸ்டரிடம் பெருமையடித்தேன், உங்க செடி எங்க வீட்டுல நல்லாக் குடிக்குது சிஸ்டர். அண்ணன் எந்திரத்தோடு பிணைக்கப்பட்டுப் படுத்திருந்தவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இப்போதுதான் அது நினைவுக்கு வருகிறது. ஏன் இப்போது. ஜாடியில் நான் நிரப்புகிற உயரத்தில் வெள்ளையாக ஓர் உப்புக்கோடு இருக்கிறது, எங்கள் ஊர்த் தண்ணீர் அப்படி, நின்ற இடத்தில் கோடு போட்டுவிடும். தண்ணீர் இப்போது அதற்கு வெகு கீழே. இரண்டுக்கும் நடுவில் கண்ணாடி சுத்தமாக இருக்கிறது. மெல்ல மெல்லக் குறைந்திருந்தால் குளத்துப் படிக்கட்டு மாதிரி நின்று நின்று இறங்கிய கோடுகள் இருக்க வேண்டும், குளியலறை வாளியில் இருக்கிறதே, அந்த மாதிரி. ஒன்றுமில்லை. நிரம்பி நின்றது, பிறகு ஒரேயடியாக இறங்கிவிட்டது. மின்விசிறிக் காற்றில் ஆவியாகியிருக்கும். காற்று ஒரேயடியாகக் குடிக்காது. துடைக்கிறபோது சிந்தியிருப்பேன். திட்டு காய்ந்துகிடந்தது. வேர்களுக்கிடையில் கறுப்பாக ஒரு விதை மாதிரி கிடந்ததை ஸ்பூனால் எடுத்தேன், விதைக்குத் தலையும் நாலு பல்லும் இருந்தன, முகர்ந்து பார்த்தேன். கிராம்பு.

கிராம்பு எப்படியும் விழலாம். அவர் சன்னலோரம் உட்கார்ந்து வேரைப் பார்க்கிறவர், குனியும்போது வாயிலிருந்து விழுந்திருக்கலாம், குனிந்தால் விழும், யாருக்கும் விழும். அப்படியானால் நேற்று அவர் பனியனின் நெஞ்சுப் பக்கம் ஈரமாக இருந்ததே, அது வேர்வை. வேர்வை ஏது, அவருக்கு வேர்வை நின்று எவ்வளவோ காலமாயிற்று. செவ்வாய்க்கிழமை எடை பார்க்கும் பலகையில் அவரை நிறுத்திவிட்டுத் தேன்மொழி சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "யாருண்ணே இவருக்கு மோரு குடுக்குறது?" "யாரும் இல்ல சிஸ்டர்." "அப்ப இந்த வெயிட்டு வானத்துலேர்ந்து வந்துச்சா? நெஞ்சுல சத்தம் கேக்குது, டாக்டர் சொல்லிட்டாரு. இன்னொரு தடவ மூச்சு முட்டி வந்தா இந்த ஹார்ட்டு தாங்காது. கூட இருக்கிறவங்க நீங்கதான் பாத்துக்கணும்." கூட இருக்கிறவன் நான். ஆட்டோவில் வரும்போது கேட்டேன், கேட்டேன் என்பதுகூடச் சரியில்லை, குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினேன், யாரு இளநி வாங்கித் தர்றது, மேல்வீட்டுக்காரரா, நான் எதுக்கு எல்லாத்தையும் வுட்டுட்டு இங்க வந்து கெடக்குறேன். அண்ணன் வெளியே ஓடும் கம்பங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். "நாக்கு அரிக்குதுடா. என்ன மாத்திர மாத்துனாங்க?" என்றார். மாத்திரையை மாற்றவில்லை. இந்தச் செடியின் சாறு நாக்கில் பட்டால் அரிக்கும் என்று நான் படித்திருக்கிறேன், குழந்தை இருக்கிற வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள் என்று போட்டிருந்தது, எங்கள் வீட்டில்தான் குழந்தை இல்லையே என்று தாண்டிப் போய்விட்டேன். அப்புறம் அந்தக் காட்சி வந்துவிட்டது, வராதே என்றால் கேட்கவா போகிறது. நான் பால் வாங்கவோ மருந்து வாங்கவோ கீழே இறங்கியிருக்கிறேன். அவர் கதவுச் சத்தத்துக்குக் காத்திருக்கிறார். ஊசிகள் குத்திக் குத்திப் புடைத்த கையால் கொடியை ஒருபுறமாக ஒதுக்கிப் பிடித்துக்கொள்கிறார், இன்னொரு கையால் ஜாடியைச் சாய்க்கிறார், அண்ணாந்து குடிக்க வழியில்லை, செடி விழுந்துவிடும், ஆகவே உதட்டை வைக்கிறார். ஊறுகாய் ஜாடியின் விளிம்பில், வேர் ஊறிய பாசித் தண்ணீரில், தன் வாழ்நாளில் ஒரு பாத்திரத்தில் எச்சில் வைக்காத மனிதர் வாயை வைத்து உறிஞ்சுகிறார். நேற்று இந்த மூடி திறந்திருந்தால். உரத்தை ஊற்றி, கலக்கி, நல்லாக் குடி என்று தட்டிக்கொடுத்து அவர் கைக்கெட்டும் தூரத்தில் கொண்டுபோய் வைத்திருப்பேன். சில சொட்டில் என்ன ஆகிவிடும், கணக்குப் பார்த்தால் பாதி வாழைப்பழம் அளவுகூட வராது, மூளை கணக்குப் போடுகிறது, அது போடட்டும். மூடியை இறுக்கினேன். குப்பைப் பைக்குள் போட்டேன். அது போதாதென்று பையைக் கட்டி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தேன்.

வந்து உட்கார்ந்தபோது செடி அப்படியே இருந்தது, மேசைமேல், இலையெல்லாம் துடைத்த பளபளப்போடு, ஒன்றும் தெரியாத மாதிரி. எழுப்பிக் கேட்கலாம். கேட்டால் சொல்லிவிடுவார், பொய் சொல்கிறவர் இல்லை, கேட்காமலிருந்தால் சொல்லாதவர், அவ்வளவுதான். சொல்லிவிட்டால் பிறகு அவரும் நானும் என்ன முகத்தோடு இந்த மூன்று அறைக்குள் நடமாடுவது. கண்ணை மூடிக்கொள்ளலாம். மூடிக்கொண்டால் நாளை வெள்ளிக்கிழமை, பலகையில் ஏறுவார், சிஸ்டர் என்னைப் பார்ப்பார், அல்லது நாளை வரைக்கும் போகாமல் இன்று சாயங்காலமே அந்த மூச்சு வரும், போன மாதம் வந்ததே, தலையணை மூன்றை அடுக்கி உட்காரவைத்தும் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து, கண் மட்டும் என்னைத் தேடி. அன்றைக்கும் இதே தண்ணீர்தானா. மண்ணுக்கு மாற்றிவிட்டால் முடிந்தது. தொட்டி இருக்கிறது, மண் இருக்கிறது, நியாயமான காரியம்கூட, வேர் ஜாடியை நிறைத்துவிட்டது, யாரும் ஏனென்று கேட்க முடியாது. மண்ணை யாரும் குடிக்க முடியாது. மண்ணைக் கொட்டினேன், விரலால் குழி செய்தேன். தண்ணீரில் வளர்ந்த வேர் மண்ணுக்குப் பழகாதது, உடைந்துவிடும், பார்த்து இறக்க வேண்டும், சில நாள் இலை தொங்கிவிடும், செத்துவிட்டது என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள் என்று எழுதியிருந்தார்கள். ஜாடியிலிருந்து தூக்கியதும் வேரெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒற்றை வால் மாதிரித் தொங்கியது, இவ்வளவு நேரம் விரிந்து மிதந்ததெல்லாம் தண்ணீர் தாங்கிப் பிடித்ததால்தான். குழிக்குள் இறக்கி மண்ணைத் தள்ளினேன், அழுத்தாமல் அழுத்தினேன். மேசையில் வெறும் ஜாடி நின்றது. பாசித் தண்ணீரைச் செடியின் மண்ணில் ஊற்றப் போனவன் நின்று அதைப் பார்த்தேன். இதைத்தான். இதைக் குடிக்கிற அளவுக்கு என்றால் அது எப்படிப்பட்ட தாகம். எனக்குத் தாகம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், தாகம் என்றால் என்ன, குளியலறைக் கதவைச் சாத்துகிற நேரம் வரைக்கும் பொறுப்பது. திருட்டுத்தனமாகக் குடிக்கிறவர்கள் இந்த வீட்டில் இரண்டு பேர். ஒருவன் வயிறு முட்டக் குடிக்கிறான். ஊற்றிவிட்டுச் சோப்புப் போட்டு ஜாடியைக் கழுவினேன், வெள்ளைக் கோடு போகவில்லை, எலுமிச்சைத் தோலால் தேய்த்தேன், போகவில்லை, மறுபடி தேய்த்தேன், பாதி போயிற்று. அலமாரியில் கவிழ்த்து வைக்கக் கை நீண்டது. வைக்க மனம் வரவில்லை. அந்தச் சன்னல் திட்டு காலியாக இருக்கப் போகிறது, அவர் விழித்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார், பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும், அதற்கு எழுப்பிக் கேட்டே இருக்கலாம்.

"வேந்திரா." விழித்துவிட்டார். தொட்டியை ஒரு கையிலும் ஜாடியை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், பார்வை காலியான திட்டின்மேல். தொட்டியைச் சன்னலுக்குக் கீழே தரையில் வைத்தேன். "மண்ணுல வச்சுட்டியா?" "ஆமாண்ணே. வேரு நெறைய வுட்டுடுச்சு. ஜாடில எடம் பத்தல." ம் என்றார். எட்டித் தொட்டியைப் பார்த்தார். "தொங்கிக் கெடக்குது." "மொதல்ல அப்படித்தான் இருக்குமாம். அப்புறம் புடிச்சிக்கும்." "புடிச்சிக்குமா." "கொல்லணும்னு நெனச்சாலும் சாகாதாம், நர்சரிக்காரன் சொன்னான்." "அவன் யாரு, அவன் திருடியா வச்சான்." அவர் நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டார், நாக்கின் ஓரம் சிவந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. கேட்டுவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது, வாயைத் திறந்தால் எது வரும் என்று தெரியவில்லை, ஆகவே திறக்காமல் ஜாடியைத் திட்டின்மேல் பழைய இடத்திலேயே வைத்தேன். கட்டிலோரம் ஸ்டூலில் இருந்த அவருடைய பாட்டிலை எடுத்தேன். மீதி பாதிக்கும் கீழே. மூடியைத் திறந்து, அவர் பார்க்கப் பார்க்க, அதிலிருந்து கொஞ்சத்தை ஜாடிக்குள் ஊற்றினேன். ஜாடி பெரியது, அடியை மட்டும்தான் மறைத்தது. பாட்டிலை மூடித் திரும்ப ஸ்டூலில் வைத்தேன். "அது என் தண்ணிடா." "ஒன் தண்ணிதான்." "செடி இல்லாத ஜாடிக்கு எதுக்குத் தண்ணி?" ஜாடியை விரலால் சற்றுத் தள்ளி, அவர் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்தேன். "நாளைக்கு வெள்ளிக்கிழமதானே. இன்னொரு கொம்பு உருவிக்கிட்டு வா. அதுவரைக்கும் இருக்கட்டும். காய்ச்சின தண்ணி, நல்ல தண்ணி. தெனம் மாத்திர்றேன், ஒன் பாட்டில்லேர்ந்தே." அண்ணன் என்னைப் பார்த்தார். எவ்வளவோ நாளைக்குப் பிறகு நேராகப் பார்த்தார் என்று தோன்றியது, கம்பத்து உச்சியிலிருந்து கீழே நிற்கிறவன் யாரென்று அடையாளம் பார்க்கிற மாதிரி. பிறகு பார்வையை இறக்கிக்கொண்டார். "அந்த சிஸ்டர் இந்தத் தடவ புடிச்சிட்டா?" "கோவணம்னு சொல்லு." சிரிப்பு ஒன்று கிளம்பி இருமலாக முடிந்தது, முதுகைத் தடவினேன், எலும்பு எலும்பாகக் கைக்கு வந்தது. "போதும் போ," என்றார், "போய் பாத்திரத்தக் கழுவு. சும்மா நின்னுக்கிட்டு."

கழுவப் பாத்திரம் எதுவும் இல்லை, மதியமே கழுவிவிட்டேன், அது அவருக்கும் தெரியும். சமையலறைக்குப் போனேன். குழாயின் வாயில் கட்டியிருந்த துணி நைந்து முடிச்சு இறுகியிருந்தது, நகத்தால் நெம்பினேன், வரவில்லை, கத்தியால் அறுத்தேன். குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன். இவ்வளவு சத்தமா, தகரத்தில் மழை விழுவது மாதிரி, இந்த வீட்டில் இந்தச் சத்தம் இருந்தது என்பதே மறந்துபோயிருந்தது, அறைவரைக்கும் கேட்கும், கேட்கட்டும், இந்தச் சத்தத்துக்குள் அந்த அறையில் எது நடந்தாலும் எனக்குக் கேட்காமல் போகட்டும். காலியான கழுவுதொட்டிக்குள் கையை நீட்டிக்கொண்டு நின்றேன், விரல்களுக்கிடையே ஓடிற்று. ராத்திரி மாத்திரைக்குக் கொடுக்கிறதில் ஒரு வாய் குறைக்க வேண்டும். நாளை எடை எவ்வளவு இருக்கும். தொட்டிச் செடிக்கு இந்த வாரம் மண் காயவிடக் கூடாது. போதும் என்று தோன்றியபோது குழாயை மூடினேன். அந்த அமைதியில், அண்ணன் அறையிலிருந்து, சிமென்ட் திட்டில் கண்ணாடி ஜாடி மெல்ல இறங்கி உட்காரும் சத்தம் கேட்டது. கொஞ்சம் முந்தி மூடிவிட்டேன். மறுபடி திறந்தேன்.